லீஷ்மேனியா இனங்களை அடையாளம் காணல்

லீஷ்மேனியா இனங்களை அடையாளம் காணல் என்பது, லீஷ்மேனியாசிஸ் நோயுற்ற மனிதரிடமிருந்தோ, விலங்கிடமிருந்தோ, நோய் பரப்பும் மணல் ஈயிடமிருந்தோ பெறப்பட்ட ஒட்டுண்ணி லீஷ்மேனியா பேரினத்தின் எந்த இனத்தைச் சேர்ந்தது என்று உறுதிசெய்யும் ஆய்வக முறைகளைக் குறிக்கும். லீஷ்மேனியா என்பது கசையிழை கொண்ட ஓரணு உயிரி ஆகும். இது டிரிப்பனோசோமாட்டிடே குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் இருபதுக்கு மேற்பட்ட இனங்கள் மனிதரைத் தொற்றுகின்றன. பெண் மணல் ஈக்கள் குருதி உறிஞ்சும்போது இவ்வொட்டுண்ணிகளைப் பரப்புகின்றன. ஆசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பா ஆகிய பழைய உலகப் பகுதிகளில் ஃபிளெபோடோமஸ் பேரின ஈக்களும், அமெரிக்கக் கண்டங்களில் லுட்சோமியா பேரின ஈக்களும் இவற்றின் காவிகளாகும். உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் 7 இலட்சம் முதல் 10 இலட்சம் பேர் வரை புதிதாக இந்நோய்க்கு ஆளாகின்றனர்.

இப்பேரினத்தின் இனங்கள் அனைத்தும் நுண்ணோக்கியில் ஏறக்குறைய ஒரே தோற்றம் உடையவை. தானே ஆறிவிடும் தோற்புண்ணை உண்டாக்கும் ஒட்டுண்ணியையும், மருத்துவம் செய்யாவிடில் உயிரைப் பறிக்கும் ஒட்டுண்ணியையும் கண்ணால் பார்த்துப் பிரித்தறிய இயலாது. ஆகவே கடந்த நூறு ஆண்டுகளில் நோயின் அறிகுறி, இடம், காவி ஈ, நொதிகள், டி.என்.ஏ எனப் பல அளவுகோல்கள் அடுத்தடுத்துப் பயன்பாட்டுக்கு வந்தன. ஒவ்வொரு புதிய முறையும் முந்தைய வகைப்பாட்டில் சிலவற்றை உறுதிசெய்தது, சிலவற்றைக் கலைத்தது.

நோய் வடிவங்களும் இனங்களும்

லீஷ்மேனியாசிஸ் மூன்று முதன்மை வடிவங்களில் தோன்றுகிறது. உள்ளுறுப்பு லீஷ்மேனியாசிஸ் அல்லது காலா அசார் எனப்படும் கருங்காய்ச்சலில் ஒட்டுண்ணி மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றில் பெருகுகிறது. நீண்ட காய்ச்சல், மண்ணீரல் வீக்கம், உடல் மெலிவு, குருதிச்சோகை ஆகியன இதன் அறிகுறிகள். இந்திய துணைக்கண்டத்திலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் லீஷ்மேனியா டொனோவானி இதற்குக் காரணம். நடுநிலக்கடல் நாடுகளிலும் பிரேசிலிலும் லீஷ்மேனியா இன்ஃபான்டம் காரணமாகும்.

தோல் லீஷ்மேனியாசிஸ் பழைய உலகில் பெரும்பாலும் லீ. மேஜர், லீ. டிராப்பிக்கா, எத்தியோப்பிய மேட்டுநிலத்தில் லீ. ஏத்தியோப்பிக்கா ஆகியவற்றால் வருகிறது. டில்லிப் புண், அலெப்போப் புண், பாக்தாத் கொப்புளம் என ஊர்ப்பெயர்களால் வழங்கி வந்தது இந்நோயே. புதிய உலகில் லீ. மெக்சிகானா, லீ. அமேசோனென்சிஸ், லீ. கயானென்சிஸ், லீ. பனாமென்சிஸ், லீ. பிரசிலியென்சிஸ் முதலிய பல இனங்கள் தோற்புண்ணை உண்டாக்குகின்றன. இவற்றுள் லீ. பிரசிலியென்சிஸ் தோற்புண் ஆறிய பின்னரும் சில நோயாளிகளிடம் மூக்கு, வாய், தொண்டைச் சளிச்சவ்வுகளை அரித்து முகத்தைச் சிதைக்க வல்லது. இது சளிச்சவ்வு லீஷ்மேனியாசிஸ் என்ற மூன்றாம் வடிவம் ஆகும்.

ஓர் இனம் ஒரு நோய் என்ற இந்தப் பங்கீடு பாடநூல்களில் அட்டவணையாக அச்சிடப்படுவதால் மாணவர்கள் அதை விதியாகவே எடுத்துக்கொள்வதுண்டு. அது விதி அன்று. 1990-91 வளைகுடாப் போரில் பணியாற்றித் திரும்பிய அமெரிக்கப் படையினர் எட்டுப் பேரிடம் உள்ளுறுப்புத் தொற்று காணப்பட்டது. ஒட்டுண்ணியை வளர்த்து நொதி ஆய்வு செய்தபோது, தோற்புண்ணுக்கு மட்டுமே உரியதாகக் கருதப்பட்ட லீ. டிராப்பிக்கா அவர்களது உடலில் இருப்பது தெரியவந்தது. இம்முடிவு 1993 இல் வெளியானது. எதிர்மாறான நிகழ்வு இலங்கையில் காணப்பட்டது. அது கீழே தனியாகத் தரப்பட்டுள்ளது.

இனத்தை அறிவதன் தேவை

ஒட்டுண்ணி இருப்பதை அறிந்தாலே மருத்துவத்தைத் தொடங்கலாமே, இனம் எதற்கு என்ற கேள்வி எழலாம். பீகாரில் கருங்காய்ச்சல் கண்ட ஒருவருக்கு இது ஓரளவு பொருந்தும். அங்கே காரணம் லீ. டொனோவானி என்பது ஏறக்குறைய உறுதி. தோல் நோயில் நிலைமை வேறு. லீ. மேஜர் உண்டாக்கும் புண் பல நோயாளிகளிடம் சில மாதங்களில் தானாகவே ஆறுகிறது, லீ. டிராப்பிக்காவின் புண் ஓராண்டும் அதற்கு மேலும் நீடிக்கலாம். தென் அமெரிக்கப் பயணம் முடித்துத் திரும்பிய ஒருவரின் கையில் உள்ள சிறு புண் லீ. மெக்சிகானாவால் ஆனது எனில் புண்ணிலேயே மருந்திட்டுக் காத்திருக்கலாம். அதுவே லீ. பிரசிலியென்சிஸ் எனில் பின்னாளில் மூக்கு அரிக்கப்படும் ஆபத்தை எண்ணி, உடல் முழுவதும் பரவும் மருந்தைத் தர மருத்துவர் முற்படுவார். அம்மருந்துகளோ இதயம், கணையம், சிறுநீரகம் ஆகியவற்றைப் பாதிக்கக் கூடியவை. இவ்விரு முடிவுகளுள் எது சரி என்பதை இனப்பெயரே தீர்மானிக்கிறது.

மருந்தின் பயனும் இனத்துக்கேற்ப வேறுபடும். வாய்வழி மருந்தான மில்டெஃபோசின் பற்றி 2004 இல் வெளியான ஆய்வில், லீ. பனாமென்சிஸ் மிகுந்த கொலம்பியாவில் பத்தில் ஒன்பது பேர் குணமடைந்தனர். லீ. பிரசிலியென்சிசும் லீ. மெக்சிகானாவும் உள்ள குவாத்தமாலாவில் ஏறத்தாழப் பாதிப்பேரே குணமடைந்தனர். ஆயினும் பின்னர் பொலிவியாவில் லீ. பிரசிலியென்சிசுக்கு எதிராக அதே மருந்து நன்கு செயற்பட்டது. ஆகவே இனப்பெயரோடு இடப்பெயரும் சேர்த்தே நோக்கப்பட வேண்டும்.

நோய்க் கட்டுப்பாட்டுப் பணியிலும் இனம் முதன்மையானது. லீ. மேஜரின் இயற்கைச் சேமிப்பிடம் பாலைநிலக் கொறிணிகளாகும். நடு ஆசியாவில் பெரிய ஜெர்பில் எலியின் வளைகளை அழிப்பது பயன் தந்தது இதனால்தான். காபூல் நகரில் பரவும் லீ. டிராப்பிக்கா மனிதரிடமிருந்து மனிதருக்கே ஈ வழியாகச் செல்கிறது. அங்கே எலி வளைகளைத் தேடுவதால் பயனில்லை; கொசுவலையும் நோயாளிகளுக்கு விரைந்த மருத்துவமுமே தேவை. லீ. இன்ஃபான்டத்தின் சேமிப்பிடம் நாய். லீ. ஏத்தியோப்பிக்காவின் சேமிப்பிடம் பாறைகளில் வாழும் ஹைராக்ஸ் என்னும் சிறு பாலூட்டி. இந்திய துணைக்கண்டத்து லீ. டொனோவானிக்கு மனிதரே அறியப்பட்ட சேமிப்பிடம். கருங்காய்ச்சலை இப்பகுதியிலிருந்து ஒழிக்க இயலும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படையும் அதுவே. 2023 இல் வங்காளதேசம், கருங்காய்ச்சலைப் பொதுநலச் சிக்கல் என்ற நிலையிலிருந்து ஒழித்த முதல் நாடாக உலக சுகாதார அமைப்பால் ஏற்கப்பட்டது.

வரலாறு

1885 இல் கல்கத்தாவில் டேவிட் கன்னிங்காம் டில்லிப் புண்ணிலிருந்து எடுத்த திசுவில் சில விந்தையான உடல்களைக் கண்டு விவரித்தார். 1898 இல் தாஷ்கந்தில் ரஷ்ய மருத்துவர் பியோத்தர் பொரோவ்ஸ்கி அவை ஓரணு உயிரிகள் என்று உணர்ந்து எழுதினார். ரஷ்ய மொழியில் வெளியான அக்கட்டுரையை மேற்கு நாட்டு அறிவியலாளர் நெடுங்காலம் அறியவில்லை.

கல்கத்தாவை அடுத்த டம்டமில் காய்ச்சல் கண்டு, இங்கிலாந்தின் நெட்லி மருத்துவமனையில் இறந்த படைவீரர் ஒருவரின் மண்ணீரலில் வில்லியம் லீஷ்மன் 1900 இல் சிறு உடல்களைக் கண்டார். அவை சிதைந்த டிரிப்பனோசோம்களாக இருக்கலாம் என எண்ணிய அவர், 1903 மே மாதத்தில்தான் அதை வெளியிட்டார். அவ்வாண்டு சூன், சூலை மாதங்களில் சென்னையில் பணியாற்றிய சார்லஸ் டொனோவன், இறந்தவர்களின் மண்ணீரலிலும் பின்னர் உயிருடன் இருந்த ஒரு சிறுவனின் மண்ணீரலில் ஊசி செலுத்தி எடுத்த குருதியிலும் அதே உடல்களைக் கண்டார். உயிருள்ள நோயாளியிடம் கண்டதால், அவை இறந்தபின் தோன்றும் சிதைவுப் பொருள்கள் அல்ல என்பது தெளிவாயிற்று. டொனோவன் தம் கண்ணாடித் தகடுகளை ரொனால்ட் ராசுக்கும் பாரிசிலிருந்த லவெரானுக்கும் அனுப்பினார். லவெரானும் மெனிலும் இதைப் பைரோபிளாஸ்மா என்ற வேறொரு பேரினத்தில் சேர்த்து, டொனோவானி என்ற இனப்பெயரை இட்டனர். ராஸ் இது புதிய பேரினம் என்று கண்டு, 1903 நவம்பரில் லீஷ்மேனியா டொனோவானி எனப் பெயரிட்டார். இன்றும் நோயாளியின் திசுவில் காணும் வடிவம் லீஷ்மன்-டொனோவன் உடல் என்றே அழைக்கப்படுகிறது. இப்பெயரில் பாதி சென்னையில் நடந்த ஆய்வுக்கு உரியது என்பது தமிழ் மாணவர்கள் அறியத் தக்கது.

அதே 1903 இல் பாஸ்டன் நகரில் ஜேம்ஸ் ஹோமர் ரைட், ஆர்மீனியச் சிறுமி ஒருத்தியின் முகப் புண்ணில் கண்ட ஒட்டுண்ணியை விவரித்தார். அதுவே இன்றைய லீ. டிராப்பிக்கா. 1904 இல் லெனார்ட் ராஜர்ஸ் மண்ணீரல் குருதியை ஆய்வகத்தில் வளர்த்து, உருண்டை உடல்கள் கசையிழையுடன் நீந்தும் வடிவமாக மாறுவதைக் கண்டார். 1908 இல் துனீசியாவில் சார்லஸ் நிக்கோல் குழந்தைகளுக்கு வரும் கருங்காய்ச்சலின் ஒட்டுண்ணிக்கு லீ. இன்ஃபான்டம் எனப் பெயரிட்டு, நாய்களிடமும் தொற்றைக் கண்டார். 1911 இல் பிரேசிலில் காஸ்பர் வியன்னா லீ. பிரசிலியென்சிசை விவரித்தார். இவ்வாறு முதல் பத்தாண்டுகளில் இனங்கள் பிரிக்கப்பட்டது ஒட்டுண்ணியின் வடிவத்தைக் கொண்டு அன்று. நோய் எவ்விடத்தில், யாருக்கு, எவ்வாறு வந்தது என்பதே அளவுகோலாக இருந்தது.

அடுத்த அளவுகோல் ஈயின் வயிற்றிலிருந்து கிடைத்தது. பிரேசிலில் பணியாற்றிய ரால்ஃப் லெயின்சன், ஜெஃப்ரி ஷா ஆகியோர் மணல் ஈக்களை அறுத்துப் பார்த்து, சில இனங்கள் ஈயின் நடுக்குடலில் மட்டும் வளர்வதையும் சில இனங்கள் பின்குடலில் ஒட்டி வளர்ந்து பின்னர் முன்னோக்கி நகர்வதையும் கண்டனர். பின்குடலில் வளர்பவை 1987 இல் வியன்னியா என்ற துணைப்பேரினமாகப் பிரிக்கப்பட்டன. லீ. பிரசிலியென்சிஸ், லீ. கயானென்சிஸ், லீ. பனாமென்சிஸ் ஆகியன இதில் அடங்கும். பிற்காலத்து டி.என்.ஏ ஆய்வுகள் இப்பிரிவு சரியே என்று காட்டின. ஈயின் குடலைப் பார்த்துச் செய்த ஊகம் இத்துணைக் காலம் நிலைத்து நிற்பது வியப்புக்குரியது.

நுண்ணோக்கி ஆய்வு

ஐயத்துக்குரிய நோயாளியின் மண்ணீரல், எலும்பு மஜ்ஜை, நிணநீர்க்கணு அல்லது தோற்புண்ணின் விளிம்பிலிருந்து மாதிரி எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவி, ஜீம்சா சாயமிட்டு நுண்ணோக்கியில் காண்பர். பெருவிழுங்கி அணுக்களின் உள்ளே 2 முதல் 4 மைக்ரோமீட்டர் அளவுள்ள உருண்டை அல்லது நீள்வட்ட உடல்கள் தெரியும். இவை கசையிழை வெளியே நீளாத அமாஸ்டிகோட் வடிவம். ஒவ்வொன்றிலும் பெரிய உட்கருவும், அருகே கோல் போன்ற சிறு புள்ளியும் இருக்கும். அப்புள்ளி கைனெட்டோபிளாஸ்ட் ஆகும். இவ்விரண்டும் சேர்ந்து தெரிந்தால்தான் லீஷ்மேனியா என்று கூறலாம். ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சையும் அதே அளவில் அதே அணுக்களில் வாழும்; ஆனால் அதற்குக் கைனெட்டோபிளாஸ்ட் கிடையாது.

மண்ணீரல் மாதிரியில் நோயைக் கண்டறியும் திறன் 93 முதல் 99 விழுக்காடு. எலும்பு மஜ்ஜையில் 53 முதல் 86 விழுக்காடு. நிணநீர்க்கணுவில் 53 முதல் 65 விழுக்காடு. மண்ணீரலில் ஊசி செலுத்துவது உயிராபத்தான குருதிப்பெருக்கை உண்டாக்கக் கூடும் என்பதால், பயிற்சி பெற்றவர்களும் குருதி செலுத்தும் வசதியும் உள்ள இடத்தில் மட்டுமே இது செய்யப்படுகிறது. நுண்ணோக்கி முறை மலிவானது, விரைவானது. இனத்தைப் பற்றி அது எதையும் கூறாது.

வளர்ப்பு

ஒட்டுண்ணியை வளர்க்க, முயல் குருதி கலந்த அகர் ஊடகம் நூறாண்டுகளாகப் பயன்படுகிறது. இது நோவி, மெக்நீல், நிக்கோல் ஆகிய மூவர் பெயரால் என்.என்.என் ஊடகம் எனப்படுகிறது. ஏறத்தாழ 25 பாகை செல்சியசில் வைத்தால் அமாஸ்டிகோட்கள் கசையிழையுடைய புரோமாஸ்டிகோட்களாக மாறிப் பெருகுகின்றன. ஈயின் குடலில் நிகழும் மாற்றமே இங்குக் குழாயில் நிகழ்கிறது. வளர ஒரு வாரம் முதல் நான்கு வாரங்கள் வரை ஆகலாம். வியன்னியா துணைப்பேரின இனங்கள், குறிப்பாக லீ. பிரசிலியென்சிஸ், வளர்ப்பில் பிடிவாதமானவை.

வளர்ப்பு முறையில் ஒரு மறைமுகச் சிக்கலும் உண்டு. ஒரு நோயாளியிடம் இரு வகை ஒட்டுண்ணிகள் இருந்தால் வேகமாக வளர்வது மற்றதை மூடிவிடும். இந்தியக் கருங்காய்ச்சல் நோயாளிகளிடமிருந்து பெறப்பட்ட வளர்ப்புகள் சிலவற்றில், பூச்சிகளில் வாழும் லெப்டோமோனாஸ் செய்மூரி என்ற உறவுயிரி காணப்பட்டது. குழாயில் நீந்தும் நிலையில் அதுவும் லீஷ்மேனியா போலவே தோன்றும். இனம் காணாமல் அவ்வளர்ப்பைக் கொண்டு மருந்துச் சோதனை செய்பவர், வேறோர் உயிரியின் மீது மருந்தைச் சோதிப்பவர் ஆவார்.

நொதி மின்பகுப்பு

1970களிலிருந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இன அடையாளத்தின் உரைகல்லாக இருந்தது சமநொதி மின்பகுப்பு முறையாகும். ஒரே வேதிவினையைச் செய்யும் நொதி, இனத்துக்கு இனம் சிறிது வேறுபட்ட அமினோ அமில அமைப்பைக் கொண்டிருக்கும். ஒட்டுண்ணிகளைப் பெருமளவில் வளர்த்து, உடைத்து, அவற்றின் சாற்றை மாவுக் கூழ்மத்தில் வைத்து மின்னோட்டம் செலுத்தினால், மின்னூட்டத்துக்கேற்ப நொதிகள் வெவ்வேறு தொலைவு நகரும். பின்னர் ஒவ்வொரு நொதியின் வினையைப் பயன்படுத்திச் சாயமேற்றினால் பட்டைகள் தெரியும். அப்பட்டைகளை மேற்கோள் குலங்களின் பட்டைகளோடு ஒப்பிடுவர்.

பிரான்சின் மோன்பெலியே நகர ஆய்வகம் பதினைந்து நொதிகளை ஒப்பிடும் முறையை வகுத்தது. எல்லா நொதிகளிலும் ஒத்திருக்கும் குலங்கள் ஒரு சைமோடீம் எனப்படும். ஒவ்வொரு சைமோடீமுக்கும் அந்நகரின் பெயரால் மோன் என்ற முன்னொட்டும் ஓர் எண்ணும் தரப்பட்டன. மோன்-1 நடுநிலக்கடல் நாடுகளில் மிகுதியாகக் காணப்படும் லீ. இன்ஃபான்டம். மோன்-2 இந்தியக் கருங்காய்ச்சலில் பெரும்பான்மையாக உள்ள லீ. டொனோவானி.

குலங்களுக்கு இடப்படும் பன்னாட்டுக் குறியீடும் இங்கு அறியத் தக்கது. எடுத்துக்காட்டாக, லீ. டொனோவானியின் மேற்கோள் குலங்களுள் ஒன்று எம்.எச்.ஓ.எம்/ஐ.என்/80/டிடி8 என எழுதப்படுகிறது. முதல் எழுத்து பாலூட்டியையும், அடுத்த மூன்றும் மனிதப் பேரினமான ஹோமோவையும், ஐ.என் இந்தியாவையும், 80 என்பது 1980ஆம் ஆண்டையும், இறுதிப் பகுதி ஆய்வகம் இட்ட பெயரையும் குறிக்கும். நாயிடமிருந்து பெற்றதாயின் இரண்டாம் பகுதி கேனிஸ் பேரினத்தைக் குறிக்கும் எழுத்துகளாக மாறும். ஒட்டுண்ணியின் ஊரும் பேரும் ஒரே வரியில் அடங்கிவிடுகின்றன.

இம்முறையின் குறை அதன் காலமும் உழைப்பும் ஆகும். பெருமளவு வளர்ப்பு தேவை என்பதால் முடிவு வரப் பல வாரங்கள் ஆகும். அதற்குள் நோயாளியின் மருத்துவம் முடிந்திருக்கும். உலகில் மிகச் சில ஆய்வகங்களே இதைச் செய்தன.

டி.என்.ஏ முறைகள்

நுண்ணோக்கியில் சிறு கோலாகத் தெரியும் கைனெட்டோபிளாஸ்ட், இழைமணியினுள் அமைந்த டி.என்.ஏ வலை ஆகும். ஏறத்தாழ பத்தாயிரம் சிறுவளையங்களும் சில பத்துப் பெருவளையங்களும் சங்கிலிக் கவசம் போல ஒன்றோடொன்று கோக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு சிறுவளையமும் ஏறத்தாழ 800 கார இணைகள் நீளமுடையது. அதில் ஏறத்தாழ 120 கார இணைகள் மாறாத பகுதி. எஞ்சியது வேறுபடும் பகுதி. ஒரே அணுவில் பத்தாயிரம் படிகள் இருப்பதால் மிகச் சிறிய மாதிரியிலும் இதைக் கண்டுபிடிக்க இயலும். 1982 இல் டயான் விர்த், டயான் பிராட் ஆகியோர் தோற்புண்ணிலிருந்து நேரடியாக ஒற்றி எடுத்த மாதிரியில் கைனெட்டோபிளாஸ்ட் டி.என்.ஏ கலப்பினைவு மூலம் இனத்தை அறிய இயலும் எனக் காட்டினர். வளர்ப்பு இன்றியே இனம் அறியும் வழி இவ்வாறு திறந்தது.

பின்னர் வந்த பாலிமரேஸ் தொடர்வினை முறை இதை எளிதாக்கியது. ஆயினும் எந்த மரபணுப் பகுதியைத் தேர்வது என்பதில் ஆய்வகங்கள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. சிறுவளைய டி.என்.ஏவைப் பெருக்குவது நுண்ணுணர்வு மிக்கது. ஆனால் சிறுவளையங்கள் விரைந்து மாறுபவை ஆதலால் இனங்களைப் பிரிப்பதற்கு அது எப்போதும் ஏற்றதன்று.

மிகுதியாகப் பயன்படுவது ஐ.டி.எஸ்-1 எனப்படும் பகுதி. ரைபோசோம் ஆர்.என்.ஏ மரபணுக்களுக்கு இடையே அமைந்த இப்பகுதி இனங்களுக்கிடையே வேறுபடுகிறது. பெர்லினைச் சேர்ந்த கபிரியேலே ஷோனியன் குழுவினர் 2003 இல் வெளியிட்ட முறையில், ஏறத்தாழ 300 முதல் 350 கார இணைகள் நீளமுள்ள இப்பகுதியைப் பெருக்கி, எச்.ஏ.இ-3 என்ற வெட்டு நொதியால் வெட்டுவர். லீ. மேஜரில் இரு துண்டுகளும் லீ. டொனோவானி கூட்டத்தில் மூன்று துண்டுகளும் கூழ்மத்தில் தெரியும். எளிய கருவிகளுடன் ஓரிரு நாளில் முடியும் முறை என்பதால் ஈரான், இலங்கை, இந்தியா உள்ளிட்ட பல நாடுகளில் இது பரவியது. லீ. டொனோவானியையும் லீ. இன்ஃபான்டத்தையும் இவ்வெட்டு பிரித்துக் காட்டாது. அதற்கு சிஸ்டீன் புரோட்டியேஸ் மரபணு உதவுகிறது. அம்மரபணுவில் லீ. இன்ஃபான்டத்துக்கு 39 கார இணைகள் குறைவு, ஆகவே லீ. டொனோவானியில் 741, லீ. இன்ஃபான்டத்தில் 702 என்ற நீளத்தில் பட்டை கிடைக்கும்.

புதிய உலக இனங்களுக்கு ஐ.டி.எஸ்-1 வெட்டு முறை போதாது. வியன்னியா இனங்கள் அதில் ஒன்றுபோலவே தோன்றும். அவற்றுக்கு வெப்ப அதிர்ச்சிப் புரதம் 70 என்ற மரபணுவின் வரிசையைப் படிப்பது ஏற்றதாகக் கருதப்படுகிறது. 2005 இல் லீ. மேஜரின் முழு மரபணுத்தொகுதியும் வெளியிடப்பட்டது. அதில் 36 நிறப்புரிகள், ஏறத்தாழ 3.28 கோடி கார இணைகள் இருந்தன. 2007 இல் லீ. இன்ஃபான்டம், லீ. பிரசிலியென்சிஸ் ஆகியவற்றின் தொகுதிகள் வந்தன. மருத்துவத்தில் எதிரெதிரான தன்மைகளைக் காட்டும் இம்மூன்று இனங்களின் மரபணுப் பட்டியல்கள் பெரிதும் ஒத்திருந்தன. ஓரினத்துக்கே உரிய மரபணுக்கள் மிகச் சிலவே காணப்பட்டன.

வளர்ப்பிலிருந்து பெற்ற ஒட்டுண்ணியின் புரதங்களை நிறமாலைமானியில் அளந்து சில நிமிடங்களில் இனம் கூறும் மால்டி-டாஃப் முறை 2010களில் அறிமுகமாயிற்று. நல்ல மேற்கோள் தரவுத்தளம் இருந்தால்தான் அது பயன்படும்.

இவ்விடத்தில் ஒரு தவறான கருத்தைத் திருத்துவது நல்லது. கருங்காய்ச்சலுக்குச் சிற்றூர்களிலும் செய்யப்படும் ஆர்.கே-39 பட்டைச் சோதனை, நோயாளியின் குருதியில் உள்ள எதிர்ப்பொருளையே காண்கிறது. அது இனத்தை அடையாளம் காட்டும் சோதனை அன்று. குணமடைந்த பின்னரும் பல மாதங்கள், சிலரிடம் ஆண்டுகள், எதிர்ப்பொருள் நீடிப்பதால் மீண்டும் நோய் வந்ததா என்பதையும் அது கூறாது. இந்தியாவில் நன்கு செயற்படும் அச்சோதனை கிழக்கு ஆப்பிரிக்காவில் சற்றுக் குறைந்த திறனே காட்டுகிறது.

இலங்கை எடுத்துக்காட்டு

இலங்கையில் உள்நாட்டிலேயே தொற்றிய முதல் தோல் லீஷ்மேனியாசிஸ் நோயாளி பற்றிய அறிக்கை 1992 இல் வெளியானது. அதற்கு முன் அறியப்பட்டவர்கள் மேற்காசியாவில் பணியாற்றித் திரும்பியோர். பின்னர் வடக்குக் காட்டுப் பகுதிகளில் பணியாற்றிய படையினரிடமும், அனுராதபுரம், பொலன்னறுவை, அம்பாந்தோட்டை, மாத்தறை முதலிய மாவட்டங்களிலும் நோயாளிகள் பெருகினர். பெரும்பாலும் வலியற்ற சிறு பருக்களும் உலர்ந்த புண்களும் மட்டுமே காணப்பட்டன. தோற்புண் என்பதால் லீ. மேஜர் அல்லது லீ. டிராப்பிக்கா என்று எதிர்பார்ப்பது இயல்பு.

நதீரா கருணவீர உள்ளிட்ட இலங்கை ஆய்வாளர்கள், வளர்க்கப்பட்ட ஒட்டுண்ணிகளை மோன்பெலியே ஆய்வகத்துடன் இணைந்து நொதி ஆய்வுக்கு உட்படுத்தினர். 2003 இல் வெளியான முடிவின்படி அது லீ. டொனோவானி, சைமோடீம் மோன்-37. கருங்காய்ச்சலுக்குக் காரணமான அதே இனம் இங்குத் தோலோடு நின்றிருந்தது. 2008 முதல் இந்நோய் இலங்கையில் அறிவிக்கப்பட வேண்டிய நோயாயிற்று. உள்ளுறுப்பு நோயாளிகளும் அரிதாக இலங்கையில் பதிவாகியுள்ளனர். இலங்கையின் தோல்நோய், உள்ளுறுப்பு நோய் ஆகியவற்றிலிருந்து பெற்ற ஒட்டுண்ணிகளின் மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்டு 2014 இல் வெளியான ஆய்வு, சில மரபணு மாற்றங்களும், உள்ளுறுப்பில் வாழ உதவும் ஏ-2 மரபணுவின் அளவும் இவ்வேறுபாட்டோடு தொடர்புடையவை எனக் காட்டியது.

இம்முடிவின் விளைவு இலங்கையோடு நிற்கவில்லை. இந்தியாவில் இமாச்சலப் பிரதேசத்திலும், கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்து மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் காணிப் பழங்குடியினரிடமும் காணப்பட்ட தோல்நோயில் லீ. டொனோவானி அடையாளம் காணப்பட்டது. கருங்காய்ச்சல் ஒழிப்புத் திட்டம் காய்ச்சல் நோயாளிகளைத் தேடுகிறது. வலியற்ற புண்ணுடன் ஒருவர் மருத்துவரை நாடாமல் இருந்தால், அவரிடம் உள்ள ஒட்டுண்ணி அக்கணக்கில் வராது. கருங்காய்ச்சல் குணமான சிலரிடம் பின்னாளில் தோன்றும் தோல் லீஷ்மேனியாசிஸ், 1922 இல் உபேந்திரநாத் பிரம்மச்சாரியால் விவரிக்கப்பட்டது. அதுவும் இதே வகை மறைவிடமாகும். ஃபிளெபோடோமஸ் அர்ஜென்டிபெஸ் ஈயே இலங்கையிலும் இந்தியாவிலும் காவி.

இனப் பெயர்களில் நிலவும் சிக்கல்

டி.என்.ஏ ஒப்பீடு சில இனப்பெயர்களை நீக்கியது. அமெரிக்கக் கண்டத்து உள்ளுறுப்பு நோய்க்குக் காரணமாக 1937 இல் பெயரிடப்பட்ட லீ. சகாசி, நடுநிலக்கடல் பகுதி லீ. இன்ஃபான்டமே என்பது தெளிவாயிற்று. ஐரோப்பியக் குடியேற்றத்தின்போது, பெரும்பாலும் நாய்களுடன், அது கடல் கடந்திருக்க வேண்டும். சூடானின் லீ. ஆர்க்கிபால்டி லீ. டொனோவானியில் அடக்கப்பட்டது. மறுபுறம் புதிய இனங்களும் சேர்ந்தன. தாய்லாந்தில் மனிதரைத் தொற்றும் லீ. ஓரியன்டாலிஸ் 2018 இல் விவரிக்கப்பட்டது. கரிபியன் தீவான மார்ட்டினிக்கின் பெயர் கொண்ட லீ. மார்ட்டினிக்கென்சிசும் தாய்லாந்தில் காணப்படுகிறது. இவை முண்டினியா என்ற தனித் துணைப்பேரினத்தில் வைக்கப்பட்டுள்ளன.

இனங்களுக்கிடையே கலப்பு நிகழ்வது இனம் என்ற கருத்தையே தளர்த்துகிறது. லீஷ்மேனியா பிளவுற்று மட்டுமே பெருகும் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. மணல் ஈயின் உடலில் லீ. மேஜரின் இரு குலங்கள் மரபணுக்களைப் பரிமாறிக் கொள்வது 2009 இல் ஆய்வகத்தில் காட்டப்பட்டது. போர்த்துக்கலில் எச்.ஐ.வி தொற்றும் உடைய நோயாளிகளிடம் லீ. இன்ஃபான்டம், லீ. மேஜர் கலப்பினம் முன்னரே கிடைத்திருந்தது. இலங்கைத் தோல்நோயாளிகளின் ஒட்டுண்ணிகள் சிலவற்றில் லீ. மேஜர், லீ. டிராப்பிக்கா ஆகியவற்றுடன் கலந்த தடயங்கள் இருப்பதாக 2021 இல் வெளியான மரபணுத்தொகுதி ஒப்பீடு கூறுகிறது. ஒரே ஒரு மரபணுவை மட்டும் படித்து இனம் கூறும் ஆய்வகம், இத்தகைய கலப்பினத்தில் ஒரு பெற்றோரின் பெயரை மட்டுமே அறிக்கையில் எழுத நேரும். ஆகவே ஐயம் எழும் மாதிரிகளில் வெவ்வேறு நிறப்புரிகளில் அமைந்த பல மரபணுக்களை ஒப்பிடும் பன்மரபணு வரிசைமுறை பயன்படுத்தப்படுகிறது.